நானாவின் முழங்கால்

"எங்கட வீட்டு ஆம்பிளையளுக்கு ஐம்பது எண்டுறது…"

அப்பாவின் செத்தவீட்டில் பெரியப்பா யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு என்ன சொன்னாரென்று எவ்வளவு யோசித்தும் குலசிங்கத்துக்கு நினைவு வரவில்லை. அப்பாவுக்கு அப்போது நாற்பத்தொன்பது. கதிரையில் இருந்து பேப்பர் வாசித்தவர், நெஞ்சைப் பிடித்தார், அவ்வளவுதான்.

இப்போது குலசிங்கத்துக்கு நாற்பத்தொன்பது.

கனடாவிலிருந்து திரும்பி லிங்கநகரில் குடியேறிய கையோடு ஓடத் தொடங்கியவன். அடுத்த மாதம் நடக்கிற இருபத்தொரு கிலோமீற்றர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தான். அதை ஓடி முடித்தால் ஐம்பதையும் தாண்டிவிடலாம் என்று மனதுக்குள் ஒரு எண்ணம். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

தனியாக ஓட மட்டும் பயம். ஒருநாள் விடியமுன் உட்துறைமுக வீதியில், ஊருக்குள் திரிகிற மான் ஒன்று குறுக்கே பாய்ந்தது. நெஞ்சு அடித்த அடியில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். இங்கே விழுந்தால் யார் காண்பார்கள்?

அன்றிலிருந்து துணைக்கு அபூதாஹிர். அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவான்.

நானாவுக்கு ஐம்பத்தாறு. மீன்பிடி வள்ளங்களுக்கு என்ஜின் திருத்துகிறவர். அவரும் அதே ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார். விடியற்காலைச் சுபஹ் தொழுதுவிட்டு நேரே மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு வருவார். எப்போதும் குலசிங்கத்துக்கு இரண்டடி பின்னால்தான் ஓடுவார். ஐந்து மாதமாக ஒரு குறையும் இல்லை.

இந்த இரண்டு கிழமையாகத்தான் வில்லங்கம். ஓர்ஸ் ஹில் ஏற்றம் தொடங்குகிற இடம் வந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கல்லில் குந்திவிடுகிறார்.

"ஏலாது தம்பி. முழங்கால் விடுதில்ல. இண்டைக்கு இதோட நடந்து போவம்."

தினமும் இதே கதை. நடக்கும்போது வாயும் ஓயாது. சூரை மீன் விலை, மருமகனின் மோட்டார் சைக்கிள், எல்லாம் வரும். குலசிங்கம் கையிலிருந்த மணிக்கூட்டில் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே பல்லைக் கடிப்பான். ஓட்டத்துக்கு இருபத்தாறு நாள்தான். இப்படி நடந்துகொண்டிருந்தால் எப்படி ஓடி முடிப்பது? நானாவை விட்டுவிட்டு ஓடவும் துணிவில்லை.

அவனுக்கும் ஒரு நோ இருந்தது. இடது கணைக்கால் எலும்பில், ஒரு விரல் நுனி அளவு இடம். தொட்டால் உயிர் போகும். இப்படி ஒரே புள்ளியில் நொந்தால் எலும்பில் வெடிப்பு இருக்கலாம் என்று ஃபோனில் வாசித்தவன், அடுத்த வரியைப் படிக்காமல் ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். டொக்டரிடம் போனால் நில் என்பார். நின்றால் அப்பாவின் கதிரை.

எண்ணெய் பூசினான். நீளக் காலுறை போட்டு மறைத்தான்.

தேநீர்க் கடையில் வள்ளக்காரர் யோசேப்பிடம் நானாவின் முழங்காலைப் பற்றி வாய்விட்டுச் சொன்னான். யோசேப் சிரித்தார்.

"முழங்காலோ? அந்தாள் எனக்கு ரெண்டு மாதமாச் சொல்லுறார், கொழும்பில இருந்து சாமான் வரேல்ல எண்டு. என்ர என்ஜின் அவர்ட கொட்டிலுக்க கிடக்கு. நல்லாப் போய்ச் சேர்ந்தீர் ஐசே, பொய்யன்ட பட்டறைக்கு."

குலசிங்கத்துக்கு அன்று முழுக்க அது மனதில் உறுத்தியது.

அடுத்த நாள் பின்னேரம் ஓட்டோவில் ஓர்ஸ் ஹில் வழியாக வந்தவன் கண்ணாலேயே கண்டான். நானா ஏற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தார். நொண்டவில்லை, நிற்கவில்லை. உச்சிவரை ஏறி, திரும்பி இறங்கி, மறுபடியும் ஏறினார்.

தன்னைக் காலையில் நடக்கவைத்துவிட்டுப் பின்னேரம் ஒளித்து ஓடுகிறார். எதற்கு? ஓட்டத்தில் முந்துவதற்கா? இந்த மனிதனை நம்பியா தன் உயிரை விடியற்காலை வீதியில் விட்டிருந்தான்?

ஓட்டோவை நேரே நானாவின் வீட்டுக்கு விடச் சொன்னான்.

நானா இன்னும் வந்து சேரவில்லை. அவருடைய மனைவி பரீதா படலையைத் திறந்தார். குலசிங்கம் கண்டதைச் சொன்னான்.

"ராத்தா, நானாவுக்கு முழங்காலில ஒண்டும் இல்லையா?"

அவர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"உங்களுக்குச் சொல்லக்கூடா எண்டவரு. அவருட முழங்காலுக்கு என்ன, கல்லு மாதிரி. உங்கட கால்தானாம் தம்பி."

குலசிங்கம் தன்னை அறியாமலே இடது காலைப் பின்னுக்கு இழுத்தான்.

"என்ஜின் சத்தம் கேட்டே பழுது சொல்லுற மனிசன். பின்னால ஓடுறவருக்கு உங்கட இடது கால் விழுற சத்தம் மாறினது கேக்காதா? நில்லுங்க எண்டா நிக்க மாட்டீங்க, பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓடுவீங்க எண்டாரு. அதான் தன்ட காலைச் சாட்டுறாரு. காலையில விட்டதைப் பின்னேரம் ஓடிக்கிறாரு."

"அப்ப யோசேப்பின்ர என்ஜின்…"

"அதுவும் அப்பிடித்தான். இந்த என்ஜின் திருத்தினாலும் நடுக்கடல்ல நிண்டு போகும் எண்டு சொன்னா, இன்னும் ஒரு நாள் பாப்பம் எண்டு கொண்டு போவாங்க. சாமான் வரல்ல எண்டா கரையில இருப்பாங்கதானே."

தான் வந்துபோனதை நானாவிடம் சொல்ல வேண்டாமென்று மட்டும் குலசிங்கம் கேட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் ஓட்டத்தை நடத்துகிறவர்களுக்கு, தன் பெயரை எடுத்துவிடும்படி செய்தி அனுப்பினான். இடது கால் எக்ஸ்-ரேக்கு நாள் கேட்டு ஆஸ்பத்திரிக்கு இன்னொரு செய்தி.

மறுநாள் காலை மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்குச் செருப்போடு போனான். நானா அவன் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"நானா, உங்கட முழங்கால் சுகமாகுமட்டும் நாங்க நடப்பம்" என்றான் குலசிங்கம்.