ஏழடி

விடிந்ததும் சங்கிலியையும் கழுத்துப் பட்டையையும் கழற்றிச் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் போட்டுவிட்டான்.

வாசல் கொட்டகைத் தூணடியில் வைத்தே நாயைக் குளிப்பாட்டினான். கழுத்தில் முடி உதிர்ந்த இடத்தில் தேங்காயெண்ணெய் தடவினான். கூடத்தில் புதுப் பாய் விரித்தான். பாய்க்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கிண்ணம். நாலு மாதமாக நாய் அங்கேதான் படுப்பது போல.

நாயைத் தரும்போதே காப்பகத்தில் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார்கள். காவலுக்கு வைக்கக் கூடாது. கட்டிப்போடக் கூடாது. வீட்டுக்குள் ஒரு ஆளாக வளர்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மனசில் இருந்தது வாசலில் கிடக்கும் கம்பியும் சென்ட்ரிங் பலகையும்தான். இரண்டு தடவை திருடு போயிருந்தது.

பெரிய சாதி நாய். கன்றுக்குட்டி உயரம். ஐந்து வயது. பங்களாக்காரர்கள் யாரோ ஊர் மாறும்போது விட்டுவிட்டுப் போனது. துரை என்று பெயர்.

காப்பகத்திலிருந்து பார்க்க வந்த பெண் வேனைத் தெருவில் நிறுத்திவிட்டு நேரே கூடத்துக்குள் போனாள். பாயைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள்.

"நல்லா வச்சிருக்கீங்கண்ணே. கட்டட வேலைக்காரரு, இவருக்கு எங்க நேரம் இருக்கப்போகுதுன்னு நாங்கதான் தப்பா நெனச்சுட்டோம்."

அவன் சிரித்து வைத்தான்.

அவள் நிலைப்படியில் உட்கார்ந்து கையைத் தட்டினாள்.

"டேய் துரை! அக்காவ மறந்துட்டியா? வாடா, எருமை!"

துரை தூணடியிலிருந்து எழுந்தது. வாலை வீசிக்கொண்டு பாய்ந்து வந்தது.

பாதி வாசலில் நின்றது.

வெறுங்கழுத்து. ஆனாலும் அதற்கு மேல் ஓர் எட்டு வைக்கவில்லை. முன்னங்கால் இரண்டும் நடுங்கின. வால் மட்டும் ஆடியது.

அது நின்ற இடத்தில் மண் தேய்ந்திருந்தது. தூணைச் சுற்றி, பள்ளமாக, ஒரு வட்டம்.

ஊர் வீட்டுக்கெல்லாம் தரைமட்டம் பார்க்கிறவன். தன் வாசலை நிரவ வேண்டும் என்று தோன்றவில்லை.

அவள் வட்டத்தைப் பார்த்தாள். தூணைப் பார்த்தாள்.

"எத்தன அடிண்ணே?"

"ஏழு."

கேட்ட மாத்திரத்தில் வாய் சொல்லிவிட்டது. யார் அளவு கேட்டாலும் டேப் பிடிக்காமல் சொல்லிப் பழகிய வாய்.

அவள் கையிலிருந்த ஃபைலைத் திறக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

செங்கல் சூளையில் வேலை பார்த்த அவன் அப்பாவுக்கும் ஓர் இடம் இருந்தது. முதலாளி வீட்டு வாசலில், வேப்பமரம் வரைக்கும். மழை கொட்டிய ஒருநாள், "உள்ள வாய்யா" என்று முதலாளியே கூப்பிட்டார். அப்பா மரத்தைத் தாண்டவில்லை. சிரித்தபடி நனைந்துகொண்டு நின்றார்.

அன்றைக்கு அப்பாவை நினைத்து இவனுக்கு வெட்கமாக இருந்தது.

துரை இன்னும் அங்கேயே நின்றது. அந்தப் பெண்ணைப் பார்த்து ஒரு தடவை முனகியது.

அவன் இறங்கிப் போனான். குனிந்தான். ஒன்றுமில்லாத கழுத்தில், கொக்கி இருக்கும் இடத்தில் விரல் வைத்து, கழற்றுவது போலக் கழற்றினான்.

துரை வட்டத்தைத் தாண்டியது.

முருங்கை மரத்துக்கு ஓடியது. காலைத் தூக்கியது. தினமும் விடிகாலையில் அதற்குக் கிடைக்கிற இரண்டு நிமிடம்.

பிறகு யாரும் கூப்பிடாமலே திரும்பி வந்தது. திறந்து கிடந்த வீட்டைப் பார்க்கவில்லை. வட்டத்துக்குள் நுழைந்து, அவன் முன்னால் நின்று, கழுத்தை நீட்டியது.

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவனே போய் வண்டியின் பின்கதவைத் திறந்தான்.