பதினோரு வரி

எங்கள் வகுப்புப் புதுசு தன்னைப் பற்றிய பக்கத்தைப் படித்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

பள்ளியில் எங்களுக்கு அன்றுதான் கடைசி நாள். கடைசி மணி அடிக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பெஞ்சுக்கு பெஞ்சு வகுப்பு மலர் கைமாறிக்கொண்டிருந்தது.

மலர் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டி, ஓரத்தில் நூல் கோத்த இருபது தாள். மை சரியாகக் காயவில்லை. தொட்டவர்கள் விரலெல்லாம் கறுப்பு.

படித்து முடித்துப் போகிற முப்பத்தெட்டுப் பேரைப் பற்றியும் அதில் இருந்தது. பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். கைக்கு வந்த சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவளைப் பற்றி எழுதித் தர வேண்டும். ஆளுக்கு ஒரு சீட்டு. எழுதியது யார் என்று கடைசிவரை வாய் திறக்கக் கூடாது. வகுப்பு டீச்சர் போட்ட சட்டம் அது.

எனக்கு மட்டும் எல்லாம் தெரியும். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று சொல்லி, ஸ்டென்சில் வெட்டுகிற வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். எல்லோருடைய தாளும் என்னிடம்தான் வந்து சேர்ந்தது. மெழுகுத்தாளில் ஊசிப்பேனாவால் ஒவ்வோர் எழுத்தாகக் கீறியதில் விரல் காய்த்துப் போனதுதான் மிச்சம்.

குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள்.

ஒட்டடைக்குச்சியைப் பற்றி ஒருத்தி, 'கரும்பலகையின் மேல் வரியை அழிக்க அடுத்த வருடம் ஸ்டூல் வாங்க வேண்டியிருக்கும்' என்று எழுதியிருந்தாள். தூங்குமூஞ்சியைப் பற்றி இன்னொருத்தி, 'தூக்கத்திலேயே உள்ளேன் சொல்வாள், வராதவளுக்கும் சேர்த்து.'

ஆளுக்கு நாலு வரி. மிஞ்சிப் போனால் ஐந்து.

புதுசுக்குப் பதினோரு வரி.

அந்த வருடம்தான் வந்து சேர்ந்தாள். வருடமே முடிந்துவிட்டது, அவள் மட்டும் இன்னும் புதுசு. வந்த மூன்றாம் மாதம் சோடாவின் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டாள்.

சோடா என்னுடைய சோடா. ஐந்து வருடம் ஒரே பெஞ்ச். அவளுடைய சோடாப்புட்டிக் கண்ணாடி உடைந்துபோன ஒரு மாதம் முழுக்க, கரும்பலகையில் இருந்ததையெல்லாம் அவள் காதில் ஓதியவள் நான். "கொஞ்ச நாளைக்குத்தான்டி, பாவம், அவளுக்கு யாரையும் தெரியாதுல்ல" என்று சொல்லித்தான் என்னைப் பின் பெஞ்சுக்கு அனுப்பினாள். அந்தக் கொஞ்ச நாள் அன்றுவரை முடியவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்.

அந்தப் பதினோரு வரி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். சிரிப்பு வந்தால் இடது கையால் வாயை மூடிக்கொள்வாள், ஒளித்துவைக்க வேண்டிய பல் ஒன்றுகூட இல்லை. வராந்தாவில் நடக்கும்போது சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே போவாள். டப்பாவைத் திறந்ததும் தனக்குப் பிடித்ததைத்தான் முதலில் அடுத்தவளுக்கு எடுத்து வைப்பாள். வகுப்பில் யாராவது திட்டு வாங்கினால் சட்டென்று நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள், அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று.

இதெல்லாம் போகிற போக்கில் கண்ணில் படுகிற சங்கதிகள் இல்லை. நாள் முழுக்கக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தால்தான் தெரியும்.

என் பக்கத்தில் மூன்றே வரி. 'அமைதியானவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எல்லோருக்கும் உதவுவாள்.'

நானா அமைதியானவள்? ஓயாமல் பேசினேன் என்று வகுப்புக்கு வெளியே எத்தனை முறை நின்றிருக்கிறேன். என்னோடு பேசிப் பேசியே கூட நின்றவள் சோடா. அந்த மூன்று வரியும் அவள் எழுதியது. தாளைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. இடப்பக்கம் சாய்கிற அந்தக் கோணல் எழுத்தை இருட்டில் காட்டினாலும் சொல்வேன். குலுக்கிப் போட்டதில் என் சீட்டு அவளுக்குத்தான் போயிருந்தது. ஐந்து வருடத்துக்கு மூன்று வரி.

புதுசு மூக்கை உறிஞ்சிக்கொண்டே சோடாவைக் கட்டிப் பிடித்தாள். "நீதானே எழுதின? இந்த கிளாஸ்ல உன்னை விட்டா என்னை யாருடி இப்படிப் பாத்திருப்பா?"

சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க அதில் அழுக்கே இல்லை.

புதுசு என் பக்கம் திரும்பினாள். "நீதானே ஸ்டென்சில் வெட்டின, உனக்குத் தெரியாதா? சொல்லேன், இவதானே?"

சோடா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பரீட்சையில் விடை தெரியாவிட்டால் என் பக்கம் திரும்புவாளே, அதே பார்வை. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

இவளுக்கு வந்தது உன் சீட்டு இல்லை, என் சீட்டு என்று சொன்னால் போதும். இரண்டு பேரின் முகமும் மாறிவிடும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் அடுத்த நொடியே, அப்படியானால் யார் எழுதியது என்று கேட்பாள்.

"ஆமா, அவதான்" என்றேன்.

இரண்டு பேரும் மறுபடி கட்டிக்கொண்டார்கள். சோடாவும் அழுதாள். நான் கைக்குட்டையை எடுத்து விரலில் ஒட்டியிருந்த மையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வேறென்ன சொல்லியிருக்க முடியும்? அந்தப் பதினோரு வரியையும் எழுதியது நான்தான் என்று சொன்னால், குறை சொல்ல ஒன்றாவது கிடைக்காதா என்று ஆறு மாதமாகப் பின் பெஞ்சிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்ததையும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பதையும்.