சூப்பரா இருக்கு மேடம்

“ஏம்மா, ‘சூப்பரா இருக்கு மேடம்’னு சொன்னா உன் வாய் என்ன தேய்ஞ்சா போயிடும்?”

ரெடிமேட் துணிக்கடை முதலாளி போட்ட சத்தத்தில், டிரையல் ரூமுக்குள் இருந்தவர்கூடக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

எதிரே தலையைக் குனிந்துகொண்டு நின்றாள் பட்டாசு. சேர்ந்த முதல் வாரமே மற்ற சேல்ஸ் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் அது. மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். அது ஒன்றுதான் அவளிடம் கோளாறு.

“அந்தம்மா போட்டுப் பார்த்த கவுனுக்கு ஜிப்பே ஏறலை சார். அவங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, நானும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இழுத்தேன். ‘மூச்சு விட்டீங்கன்னா கிழிஞ்சிடும் மேடம்’னு சொன்னேன். அது தப்பா?”

“தப்புதான்! மூச்சை அவங்க வீட்டுக்குப் போய் விட்டுக்கட்டும். பில் போடற வரைக்கும் சூப்பர்னு சொல்றதுதான் உன் வேலை. இங்க இருக்கிற மத்தவங்களைப் பாரு!”

பார்த்தாள். எல்லாரும் முதலாளி கற்றுக்கொடுத்த பாடத்தைச் சிரித்த முகத்தோடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். தொளதொளவென்று தொங்கினால், ‘இப்ப இதுதான் ஃபேஷன்.’ இறுக்கிப் பிடித்தால், ‘எவ்வளவு ஸ்லிம்மா தெரியறீங்க!’ இரண்டும் இல்லையென்றால் பொதுவாக ஒரு ‘சூப்பர்’.

“இதுதான் கடைசி. இன்னொரு தடவை உன் திருவாயைத் திறந்தே, வேற கடை பார்த்துக்க வேண்டியதுதான்.”

வேறு கடைக்கு எங்கே போவது? இதற்கு முன்னால் இருந்த பியூட்டி பார்லரில், ஆசையாக முடி வெட்டிக்கொண்ட ஒரு அம்மாவிடம் ‘முன்னாடி இருந்ததே நல்லா இருந்துச்சு’ என்று சொல்லித்தான் வேலை போனது. அதற்கும் முன்னால் ஒரு கேக் கடை. அந்தக் கதை வேண்டாம்.

மத்தியானம் போனில் அம்மா கெஞ்சினாள். “நாலு பேர் சொல்ற மாதிரி நீயும் சொல்லிட்டுப் போயேன்டி! தம்பி படிப்பு முடியற வரைக்குமாவது பொய் சொல்லு. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“சரிம்மா, சொல்றேன்.”

சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்தாள். சத்தியமாக.

கொஞ்ச நேரத்தில் ஒரு இளைஞன் வந்தான். மறுநாள் அவனுக்கு வேலைக்கு இன்டர்வியூ. கடையிலேயே விலை அதிகமான கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். தோள் இரண்டும் சரிந்து தொங்கின. கையில் விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது.

“எப்படிக்கா இருக்கு?”

கல்லாவிலிருந்து முதலாளியின் கழுத்து நீண்டது.

“சூ...” என்று ஆரம்பித்தாள் பட்டாசு. ‘ப்பர்’ வருவேனா என்றது. இருமிப் பார்த்தாள், எச்சில் விழுங்கிப் பார்த்தாள். ம்ஹூம். அந்தப் பையனோ அவள் வாயையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

“வேணாம் தம்பி. அப்பா கோட்டை அவருக்குத் தெரியாம எடுத்து மாட்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்கு. கோட்டே வேணாம். அந்த வெள்ளைச் சட்டையை எடுத்துக்கோங்க. லட்சணமா இருப்பீங்க.”

பையன் கண்ணாடியைப் பார்த்தான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளைச் சட்டைக்கு மட்டும் பணத்தைக் கட்டிவிட்டு, போகும்போது “தேங்க்ஸ்க்கா” என்றான்.

முதலாளி இந்தத் தடவை கத்தவில்லை. “கடை சாத்தினதும் என் ரூமுக்கு வா” என்றார். அது கத்தினதைவிடப் பயமாக இருந்தது.

“உன் சீட்டு கிழிஞ்சுது போ” என்று தலையில் அடித்துக்கொண்டாள் சூப்பர்வைசர் அக்கா. “ஒரு பொய்... ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லியிருந்தா, அந்தத் தம்பி கோட்டோட என் கனவுல வந்து நிப்பான்க்கா” என்றாள் பட்டாசு. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் கலங்கிவிட்டது. அம்மாவிடம் என்ன சொல்வது?

ஷட்டர் பாதி இறங்கியது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை, வாசலிலேயே கும்பலாக நின்றார்கள். திட்டு வாங்கினதும் அப்படியே கிளம்ப வசதியாக, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே முதலாளி ரூமுக்குள் போனாள் பட்டாசு.

“கதவைச் சாத்தும்மா.”

சாத்தினாள்.

“வேலையை விட்டு நிக்கச் சொல்லப் போறீங்க, அவ்வளவுதானே சார்? சொல்லிடுங்க, போயிடறேன். ஆனா அந்தக் கோட்டு நல்லா இருந்துச்சுன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது.”

“அட, அதை விடும்மா.”

முதலாளி மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றார். உடம்பில் பளபளவென்று ஒரு ஊதாச் சட்டை. பட்டன்களுக்கு நடுவே வயிறு எட்டிப் பார்த்தது. கையில் சாம்பல் நிறத்தில் இன்னொரு சட்டை.

“நாளைக்கு என்கூடப் படிச்சவங்க எல்லாரும் ஒண்ணா சேர்றோம். முப்பது வருஷம் கழிச்சுப் பார்க்கப் போறாங்க. யாரும் சிரிச்சிடக் கூடாது. இது ரெண்டுல எதைப் போட்டுக்கட்டும்?”

பட்டாசுக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னையா சார் கேக்கறீங்க? வெளியில அத்தனை பேர் இருக்காங்களே!”

“அவங்களை எல்லாம் காலையிலேயே கேட்டாச்சும்மா. ரெண்டுமே சூப்பராம்.” முதலாளி பெருமூச்சு விட்டார். “அப்படிச் சொல்லணும்னு கத்துக்கொடுத்ததே நான்தானே... நான் எப்படி அதை நம்பறது?”