நாரைக்குடாவில் கூட்டம்

“இன்னைக்கு அவன் மண்டை ரெண்டாப் பொளக்கப் போகுது,” என்று சொல்லிக்கொண்டே பெல்மீரு கார் டிக்கியிலிருந்து மரச் சுத்தியலை உருவினார்.

காற்றுத் தடுப்புத் துணியின் கம்புகளை மணலில் அடித்து இறக்குகிற சுத்தியல் அது. அவர் பிடித்திருந்த பிடியைப் பார்த்தால் இன்றைக்குக் கம்பு வேலைக்குப் போகிற மாதிரி தெரியவில்லை.

ஆட்டுப் பாதை முடிகிற இந்தப் பாறை மேட்டில் எப்போதும் அவருடைய ஓட்டைக் கார் ஒன்றுதான் நிற்கும். இன்றைக்கு வண்டியைத் திருப்ப இடமில்லை. எல்லை தாண்டி ஸ்பெயின் நம்பர் வண்டிகள்கூட வந்துவிட்டன.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையால் வந்த வினை. மனிதச் சத்தமே கேட்காத கடற்கரைகள் என்று வாசகர்கள் எழுதிப் போட்டதை அச்சடித்திருந்தார்கள். முதல் இடம் நாரைக்குடாவுக்கு. வழிகூட விவரமாக இருந்தது. எழுதியவர் பெயர்தான் இல்லை.

“உன் தம்பி அன்செல்மு வேலைதான் இது. நம்ம குடும்பத்துல வேற எவனுக்கு வாய் இவ்வளவு நீளம்?”

“பார்த்து இறங்குங்க, கல்லு வழுக்கும்,” என்றாள் மனைவி கிராசியேத்தா. அவள் கையிலிருந்த கூடையின் மூடி மூடவில்லை. அவ்வளவு மீன் வடை.

“ரெண்டு பேருக்கு எதுக்குடி இத்தனை?”

“கடல் காத்து. பசிக்கும்.”

மத்தி மீன் டப்பா ஆலையில், மூடி அடிக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவர் பெல்மீரு. வருடம் பூராவும் அது காதுக்குள் அடித்துக்கொண்டே இருக்கும். ஆகஸ்டு லீவு வந்து நாரைக்குடா மணலில் படுத்தால்தான் அடங்கும். அங்கே அவர் போட்டது ஒரே சட்டம். யாரும் வாய் திறக்கக் கூடாது. கிராசியேத்தா ஏதாவது ஆரம்பித்தால் “உஷ்” என்பார். அவளும் காற்றுத் தடுப்புத் துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

கீழே இறங்கிப் பார்த்தார். அவர் படுக்கிற இடத்தில் நாலு பேர் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் பாட்டு அலறியது. போதாக்குறைக்கு ஒருவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, “கிரீம் வெச்ச பன்னு, சூடான பன்னு” என்று கூவிக்கொண்டு வந்தான்.

“பன்னு விக்கிறவன் வரைக்கும் வந்தாச்சு. முடிஞ்சுது,” என்று பல்லைக் கடித்தார்.

குடைக்கடியில் பெண்டாட்டி பிள்ளைகளோடு காலை நீட்டிக் கிடந்தான் அன்செல்மு. இவரைக் கண்டதும் கையாட்டினான். “வா மச்சான், வா. என்ன இடம். இத்தனை நாள் தெரியாமப் போச்சே.”

“நடிக்காதடா. பத்திரிகைக்கு எழுதிப் போட்டது நீதானே?”

“நானா? எனக்கே அதைப் படிச்சுத்தான் இப்படி ஒரு கரை இருக்குன்னு தெரியும்.”

“பொய் பேசாதே. உன் கல்யாணத்தன்னைக்கு என் வாயாலேயே உங்கிட்ட சொன்னேன். நாங்க எங்க குளிக்கப் போறோம்னு கேட்டே, சொன்னேன்.”

அன்செல்மு எழுந்து நின்றான். அவன் முகமும் மாறிவிட்டது. “என்ன சொன்னே? பழைய துறைமுகத்துக்கு அந்தாண்டை, ஒதுக்குப்புறமான கரைன்னு சொன்னே. நம்பிக் குடும்பத்தோட போய் நின்னேன். மீன் கழிவு வந்து கலக்கிற இடம் மச்சான் அது. பெரியவன் உடம்பெல்லாம் சொறி. இங்க யாரு மண்டைய யாரு உடைக்கணும், நீயே சொல்லு.”

பெல்மீருவுக்கு ஞாபகம் வந்தது. இந்தக் கரையோரத்தில் எவனும் தன் கடற்கரையின் பெயரை அடுத்தவனிடம் நிஜமாகச் சொல்ல மாட்டான். யார் கேட்டாலும் அவரும் அந்தக் கழிவுக் கரையைத்தான் கைகாட்டினார். மச்சினனிடம், ஆலைக் கூட்டாளிகளிடம், ஏன், பாவமன்னிப்புக் கேட்கப்போன இடத்தில் பாதிரியாரிடம்கூட.

“அப்ப எவன்டா சொல்லியிருப்பான்?”

“உண்மை தெரிஞ்சவன் எவனோ அவன்தான்,” என்று அன்செல்மு மறுபடி காலை நீட்டிக்கொண்டான்.

சுத்தியல் கனத்தது. அப்போது பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. முன்பின் தெரியாத ஸ்பானியப் பெண்கள் நாலைந்து பேருக்கு நடுவில் கிராசியேத்தா சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கூடை கைமாறிக்கொண்டிருந்தது. வடைக்குக் கருவாட்டை எத்தனை தடவை தண்ணீர் மாற்றி ஊறவைக்க வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் இவ்வளவு பேசுவாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

“உஷ்,” என்றார், பழக்க தோஷத்தில்.

சிரிப்பு நின்றது. கிராசியேத்தா எழுந்து நேராக அவரிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது. சுத்தியலை அவர் கையிலிருந்து பிடுங்கி மணலில் வீசினாள்.

“கிராசியேத்தா, இந்த இடம் நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தானே தெரியும்?”

“ஆமா, நான்தான் எழுதிப் போட்டேன், இங்கயாவது எங்கூடப் பேச நாலு பேரு வரட்டும்னு.”