டீயும் ரெண்டு பொறையும்

"பெத்த பொண்ணுக்குக் காலையில வெறும் டீயும் ரெண்டு பொறையுமா குடுத்து அனுப்புற? நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

"யாரு, நானா? மூணு நெய் தோசைய முழுங்கிட்டு, நாலாவது எங்கன்னு தட்டைத் தட்டுறா உங்க பொண்ணு!"

வேங்கிக்கால் புது வீட்டில் தசரதன் போட்ட சத்தம் அடுத்த மனை வரைக்கும் கேட்டது. அவர் கையில் மகள் ஆர்த்தியின் ஸ்கூல் பேப்பர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் தினசரிப் பழக்கம் பற்றி டீச்சர் கேட்ட கேள்விகளும், அவள் எழுதிய பதில்களும். அடியில் சிவப்பு மையில், ‘பெற்றோர் நாளை அவசியம் வந்து பார்க்கவும்’.

"கேளு செல்வி. எழுந்திருக்கிறது நாலரை மணிக்காம். தினம் எட்டு கிலோமீட்டர் நடக்கிறாளாம். தூக்கம் அஞ்சே மணி நேரம். பௌர்ணமின்னா அதுவும் கெடையாதாம். ஏன், பேய் கீய் புடிச்சிருக்கா?"

"நடக்கிறாளா? தெருமுனைக்குப் போய் கொத்தமல்லி வாங்கிட்டு வாடின்னா கால் வலிக்குதும்பா. தூக்கம் ஜாஸ்தியாகி மூஞ்சி வீங்கிக் கெடக்குது. ஏழரைக்குத் தண்ணி தெளிச்சு எழுப்புறது நானுங்க!"

தசரதன் பேப்பரை மறுபடி ஒருமுறை படித்தார். ஊரே மெச்ச வீடு கட்டிக் குடிவந்த மனுஷன். மகளுக்குச் சோறு போடாதவன் என்று ஸ்கூலில் நினைத்துவிட்டால் மானம் கப்பலேறிவிடாதா?

"ஆர்த்தி, உண்மையச் சொல்லும்மா. உனக்கு இந்த வீட்ல என்ன கொறை?"

சோபாவில் முறுக்கு கடிக்கும் சத்தம் நின்றது.

"அப்பா... அது நானா எழுதல. பெல் அடிக்கிற நேரமாயிடுச்சு. பக்கத்துல கவிநிலாவப் பார்த்து அப்படியே காப்பி அடிச்சிட்டேன்."

"யாரு, அடி அண்ணாமலையில இருந்து வருமே, அந்தப் பொண்ணா?"

"ஆமாப்பா. கிரிவலப் பாதையில அவங்கம்மா டீக்கடை. பௌர்ணமிக்கு விடிய விடிய இவதான் கிளாஸ் கழுவுவா."

அன்புச்செல்வி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "நீ எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறன்றதைக் கூடவாடி காப்பி அடிப்ப!"

தசரதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் மனசும் கொஞ்சம் பெரிசாகிவிட்டது.

"சரி வுடு, டீச்சர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். அந்தப் பொண்ணோட அம்மாவையும் வரச் சொல்லியிருப்பாங்க இல்ல? பாவம், கடைய வுட்டுட்டு வரணும். நம்ம கார்லயே வந்துடட்டும்."

ஆர்த்தி முறுக்குப் பாக்கெட்டை மடித்து வைத்தாள்.

"இல்லப்பா. அவ பேப்பர்ல வெறும் டிக் மட்டும்தான் போட்டிருக்காங்க."

நாளைக்கு தசரதன் அந்த டீச்சர்கிட்ட என்ன பேசணும்? தோணுறதைக் கீழே ஒரு வரி எழுதுங்க.