ஆணி ஓட்டைச் சூரியன்

ஜன்னலைப் பழைய சேலை மூடியிருக்கிறது, கதவிடுக்கைச் சாக்கு அடைத்திருக்கிறது. எட்டு மாத வயிற்றோடு பாயில் ஒருக்களித்துப் படுத்திருக்கும் யுவஸ்ரீ மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்க்கிறாள். வெளியே சூரிய கிரகணம். மலைமேல் முருகனுக்கே நடை சாத்தியாகிவிட்டது. தெருவில் ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லை. ஆனால் தாழ்ந்த சிமெண்டு ஷீட் கூரையில் ஓர் ஆணி ஓட்டை இருக்கிறது. கோணல்மாணலான அந்த ஓட்டை வழியாகத் தினமும் விழும் வெளிச்சப் பொட்டு மட்டும் ஏன் வட்டமாக இருக்கிறது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. இன்று அந்தப் பொட்டின் ஓரத்தை எதுவோ கடித்திருக்கிறது. அப்படியானால் இத்தனை நாளும் அவள் துடைப்பம் போட்டது சூரியனின் படத்தின் மேலேயா! உள்ளே பிள்ளை உதைக்கிறது.

மாமியார் கௌரியம்மாளும் அதைப் பார்த்துவிடுகிறாள். "அசையாத படுத்துக்கினு இரு!" என்று பதறி, கந்தல் துணியோடு ஸ்டூலில் ஏறுகிறாள்.

"அடைக்காதீங்க அத்தே, அது சூரியன்."

"அதுக்குத்தான்டி அடைக்கிறேன்."

ஓட்டையருகே நீளும் உள்ளங்கையில் கோணல் வெளிச்சம்தான் விழுகிறது. "எங்கடி சூரியன்?"

"வெளிச்சத்த வுடாம, கைய மெதுவா கீழ எறக்குங்க."

மருமகளின் பொய்யைக் காட்டத்தான் அவள் இறக்குகிறாள். கோணல் மழுங்குகிறது. கடிபட்ட வட்டம் தெரிகிறது. ஸ்டூலைவிட்டு இறங்குகிறாள், வட்டம் பெரிதாகிறது. தரையில் குந்துகிறாள், இன்னும் பெரிதாகிறது. கந்தல் எப்போதோ நழுவிவிட்டது. கௌரியம்மாள் கையை ஆட்டாமல், குரலைத் தாழ்த்திச் சொல்கிறாள்:

"எழுந்து வாடி, சீக்கிரம்."