இருபதாவது பிள்ளை

மில்லை மூடியதிலிருந்து ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. டீச்சரான என் மருமகளுக்கோ ஒரே கவலை. திங்கட்கிழமை அதிகாரி வந்து எண்ணும்போது இருபது பிள்ளைகள் இல்லாவிட்டால் பள்ளியையே மூடிவிடுவார்கள். இருந்ததோ பத்தொன்பது.

வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு வாசலில் லாரி வந்து நின்றது. சாமான் ஏற்ற இல்லை, அதிசயமாக இறக்க. கூடவே ஒரு சின்னப் பெண்ணும் அவள் அப்பாவும் இறங்கினார்கள். மருமகள் படிவத்தோடு ஓடினாள்.

"பாப்பாவை எங்க ஸ்கூல்ல சேருங்க சார். நானே கூட்டிட்டுப் போறேன்."

"பீரோவ இறக்கவாவது விடுங்கம்மா" என்று சிரித்தவர், படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை, புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி வகுப்பில் தலைகளை எண்ணினார். பத்தொன்பதில் நிறுத்திவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

முதல் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

"அப்பா, என்னை விட்டுட்டீங்க."